பச்சைப் பென்சில்காரி

ஜூன் 10, திங்கள்

நமது அச்சகத்தின் புதிய நிர்வாகி சுபத்ரா மேடம் அவர்கள் இன்று செக்கிங் செக்‌ஷனில் உள்ள அனைவருக்கும் ஆளுக்கொரு நோட்டு வழங்கினார்கள். "அன்னன்னைக்குச் செஞ்ச வேலை, மனசுல தோணுற யோசனை, எல்லாம் இதுல எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். மிகவும் சிறப்பான ஏற்பாடு.

என் பெயர் கி. மாரீஸ்வரி. வயது 47. சிவகாசியில் உள்ள நமது அச்சகத்தில் தினசரி காலண்டர் சரிபார்க்கும் பணியில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், சந்திராஷ்டமம் என்று தாளில் இருக்கிற அத்தனையையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் அடியில் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போடுவேன். நான் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றுகூட இதுவரை மெஷினிலிருந்து திரும்பி வந்தது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

இன்று பார்த்த தாள்கள்: 62. கண்ட தவறுகள்: 5. யோசனை: செக்‌ஷனில் டியூப்லைட் மங்கலாக எரிகிறது. மாற்றலாம்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் அரை மணி நேரம் முன்னாடியே போய் உட்கார்ந்து, மேடம் வந்ததும் நோட்டை நீட்டினேன். "ஐயோ, இது உங்களுக்காக அக்கா. நான் பாக்க மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். மெனக்கெட்டு நல்ல கையெழுத்தில் எழுதினது வீண்.

யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் உள்ளதை எழுதிவிட்டுப் போகிறேன்.

உள்ளது இதுதான். எங்கள் செக்‌ஷன் இன்சார்ஜ் பிச்சையா அண்ணாச்சி ஆடிப் பதினெட்டோடு ஓய்வு பெறுகிறார். ஆடிப் பதினெட்டு அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டருக்குப் பூஜை போட்டு ஏஜெண்டுகளுக்குக் காட்டுவார்கள். அந்தப் பூஜையிலேயே புது இன்சார்ஜ் யார் என்று மேடம் சொல்லப்போகிறார்களாம். பெரிய முதலாளி நிர்வாகத்தில் இருந்திருந்தால் பேச்சே இல்லை, மாரீஸ்வரிதான். அவர் மகளான மேடத்துக்கு என்னைத் தெரியாது. தெரியவைக்க இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், வேண்டும். ஆனால் குறுக்கே எஸ்தர் நிற்கிறாள்.

ஜூன் 13, வியாழன்

எஸ்தர் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். முப்பத்து மூன்று வயது. சேர்ந்து எட்டு மாதம். அவளுக்குப் பச்சைப் பென்சில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவளுக்கு வளர்பிறை எது, தேய்பிறை எது என்று என்ன தெரியும் என்று அண்ணாச்சியிடம் அப்போதே சொன்னேன். மூன்றே மாதத்தில் இருபத்தேழு நட்சத்திரத்தையும் தலைகீழாக ஒப்பித்தாள்.

இன்றைக்கு மேடம் வந்து, "நாளைக்கு என்ன நட்சத்திரம்?" என்று பொதுவாகக் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள். அதுவும் எத்தனை மணி வரைக்கும் என்பதோடு சேர்த்து. மேடம், "அட, பரவாயில்லையே எஸ்தர்!" என்றார்கள்.

பரவாயில்லையாமே! பத்தொன்பது வருஷத்தில் என்னிடம் யாரும் நட்சத்திரம் கேட்டதில்லை. மாரீஸ்வரிக்குத் தெரியாமல் இருக்குமா என்று விட்டுவிடுவார்கள். தெரியாது என்று நினைத்தவள் சொன்னால்தான் கைதட்டல் போலிருக்கிறது.

வீட்டில் சோற்றில் கல் கிடக்கிறது என்று என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தார். இப்போதெல்லாம் கடைக்காரர்கள் கல்லை அரிசியில் கலந்தே விற்கிறார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

மேடத்துக்குக் கைமுறுக்கு என்றால் உயிர் என்று டிரைவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அடுப்படியில் வெந்து நாற்பது முறுக்கு சுட்டேன். இன்றைக்குத் தூக்குவாளியில் கொண்டுபோய் மேடம் மேஜையில் வைத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, "சூப்பர் அக்கா" என்றார்கள். மனசு குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே, "எஸ்தர், இதை எல்லாருக்கும் எடுத்துக் குடுங்க" என்று வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அவள் மெஷின் செக்‌ஷன் வரைக்கும் போய்க் கொடுத்தாள். மத்தியானம் கட்டிங் மெஷின்காரர் என்னிடமே வந்து, "எஸ்தர் கைப்பக்குவம் அருமை, சாப்ட்டீங்களா?" என்கிறார். வயிறு எரிந்துபோனது.

இன்னொன்றும் கவனித்தேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறுக்கை மட்டும் எடுத்துத் தாளில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்காக இருக்கும். கேட்டால் கொடுக்க மாட்டேனா?

வீட்டில் இவர் வேறு, முறுக்கில் முடி கிடந்தது என்று ஒரு குறை.

ஜூன் 22, சனி

டியூப்லைட் மாற்றினார்கள். புதுசும் மங்கல்தான். எல்லாம் மட்டமான சாமான்.

ஜூன் 25, செவ்வாய்

மேடம் மீட்டிங் போட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டும். நான் நாலு நாளாக யோசித்து வைத்திருந்தேன். எழுந்து நின்று, "எல்லாரும் ஒன்பது மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துரணும் மேடம். சாயங்காலம் பஸ்ஸுக்குன்னு சீக்கிரம் கிளம்புறதை நிப்பாட்டணும்" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று சாத்தூர் பஸ்காரிக்குப் புரிந்திருக்கும். மேடம், "ம்ம், சரிக்கா" என்றார்கள். அவ்வளவுதான்.

அடுத்து அவள். "மேடம், பெரிய எழுத்துக் காலண்டர் ஒண்ணு போடலாமா? எங்க அத்தை காலண்டர் தாளைக் கிழிச்சு ஜன்னல்கிட்ட கொண்டுபோயி, கையைத் தள்ளி நீட்டிப் பிடிச்சுத்தான் ராகு காலம் பாப்பாங்க. நாப்பது நாப்பத்தஞ்சைத் தாண்டுனா எல்லாருக்குமே வெள்ளெழுத்து வருது. அது ஒண்ணும் குறையில்ல, ஆனா சொல்லிக்கக் கூச்சப்படுறாங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் யோசனை எடுபடாமல் போனதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மேடம் எழுந்தே நின்றுவிட்டார்கள். "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்! இந்த வருஷமே போடுறோம்" என்றார்கள். அண்ணாச்சி கூடத் தலையை ஆட்டினார். நானும் கைதட்டினேன். தட்டாமல் இருக்க முடியுமா?

ஜூலை 2, செவ்வாய்

பெரிய எழுத்துக் காலண்டரின் மாதிரித் தாள் வந்தது. அந்தத் தாள் மட்டும் மடமடவென்று முடிகிறது. அவள் யோசனை என்பதால் நல்ல மையாகப் போட்டு அடிக்கச் சொல்லியிருப்பார்கள். மற்ற ஐந்து சைஸுக்கும் கருமமான மை. ஓரவஞ்சனை என்றால் இதுதான்.

ஜூலை 5, வெள்ளி

மத்தியானம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் அந்தப் பக்கம் வந்தார்கள். "ஏன்க்கா அங்க நிக்கிறீங்க?" "காத்துக்கு மேடம்." "ஃபேன் போடச் சொல்லவா?" "வேண்டாம் மேடம், இதுவே நல்லாருக்கு."

உடனே எஸ்தர், "அக்கா, அந்தத் தாள் கட்டை நானும் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்றாள், மேடம் காதில் விழுகிற மாதிரி. எவ்வளவு துணிச்சல்! "உன் கட்டை நீ பாரு தாயி, என்னோடதுக்கு என் கண்ணு போதும்" என்றேன். மேடம் தன் அறைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தேன். ஊசி காதில் நூல் ஏறவில்லை. நாலைந்து தடவை பார்த்துவிட்டு அவரே வாங்கிக் கோத்துக் கொடுத்தார். "மாரி, ஒரு தடவ கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவமா?" என்றார். எனக்கு வந்ததே கோபம்! தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை அந்த ஸ்டாப்பிலேயே முதலில் படிக்கிறவள் நான். இந்த நேரத்தில் மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடம் முன்னால் போய் நின்றால் செக்கிங் இன்சார்ஜ் தருவார்களா? எதுவாக இருந்தாலும் ஆடிப் பதினெட்டு கழியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டு முடித்த கட்டுகளை நாங்கள் சுவரோர ரேக்கில் வைப்போம். சாயங்காலம் அண்ணாச்சி வந்து எடுத்து, அச்சுத் தகடு செய்கிற பிளேட் ரூமுக்குக் கொண்டுபோவார். அதுவரைக்கும் ஒருத்தர் கட்டை இன்னொருத்தர் தொடுகிற வழக்கம் இல்லை. இன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவிவிட்டு வந்தால், ரேக்கிலிருந்து என் கட்டை எடுத்துத் தன் மேஜையில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் இந்தப் பச்சைப் பென்சில்காரி. பக்கத்தில் சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருக்கிறது. சோறுகூடத் தின்னாமல் என் தப்பைத் தேடுகிறாள்!

என்னைப் பார்த்ததும் தடுமாறி எழுந்தாள். "அக்கா, நானே உங்ககிட்ட சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தாள். கட்டைப் பிடுங்கி ரேக்கில் வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். தப்பு ஏதாவது கிடைத்தால் மேடத்திடம் ஓடுவாள். அதற்குத்தானே இந்தப் பாடு?

ஜூலை 11, வியாழன்

மேடத்திடம் போய் நேராகவே சொன்னேன். "கையெழுத்துப் போட்ட கட்டை ஆளாளுக்கு எடுத்துப் பாத்தா கையெழுத்துக்கு என்ன மரியாதை மேடம்? தாள் மாறிப்போனா யாரு பொறுப்பு?" பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கும். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதான் அக்கா. ஒரு ஆர்டர் போட்டுர்றேன்" என்றார்கள்.

நீங்க சொல்றது சரிதான் அக்கா! வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 12, வியாழன்

காலையில் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனேன். அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரம். தண்ணீர் குடிக்கப் பானையடிக்குப் போனேன். அங்கிருந்து எஸ்தரின் மேஜை ஏழெட்டு அடி. அவள் இல்லை. மேஜையில் ஒரு கட்டு பிரித்துக் கிடந்தது. பார்த்து முடித்த தாள்கள் ஒரு பக்கம், அவற்றின் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள். அடுத்துப் பார்க்க வேண்டிய தாள் நடுவில் விரித்து வைத்திருந்தது. எங்கள் புரூஃபில் ஒரு தாளுக்கு இரண்டு தேதி, பக்கத்தில் பக்கத்தில். அக்டோபர் மாதம். இந்தப் பக்கம் பெரிய எழுத்தில் 17. அந்தப் பக்கமும் 17!

குடித்த தண்ணீர் புரையேறிவிட்டது. பதினெட்டைக் காணோம். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்யக்கூடிய தப்புதான் இது. கடுகு மாதிரி இருக்கிற திதியையும் நாழிகையையும் நோண்டி நோண்டிப் பார்ப்போம், உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற தேதியை யாரும் பார்க்க மாட்டோம். அது எப்படித் தப்பாகும் என்று ஒரு நினைப்பு.

பக்கத்தில் போகவில்லை. போனால் பார்த்தேன் என்று ஆகிவிடும். வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அண்ணாச்சி மேடத்தின் ஆர்டரோடு வந்துவிட்டார். இனிமேல் முடிந்த கட்டை யாரும் தொடக் கூடாது, எல்லாம் இப்பவே பிளேட் ரூமுக்குப் போகணும் என்று ரேக்கில் இருந்தது, எஸ்தர் மேஜையில் கிடந்தது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார். எஸ்தர் அப்போதுதான் உள்ளே வந்தாள். "அண்ணாச்சி, அந்த அக்டோபர் கட்டு மட்டும் ஒரு பத்து நிமிஷம்..." என்றாள். "மேடம் ஆர்டரும்மா" என்றார் அவர்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்ல வேண்டும்? அவள் தப்பு, அவள் பாடு. ஆடிப் பதினெட்டு அன்றைக்கு எல்லார் முன்னாலும் தெரியட்டும், யார் நட்சத்திரம் என்று. இவ்வளவு நாளைக்கப்புறம் இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 13, சனி

எஸ்தர் மறுபடியும் வந்தாள். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் தனியாப் பேசணும். தப்பா எடுத்துக்காதீங்க." "எனக்கு வேலை கிடக்கு" என்றேன். திரும்பிப் போனாள். மன்னிப்புக் கேட்க வந்திருப்பாள். கேட்கட்டும், ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் சேர்த்துக் கேட்கட்டும்.

ஜூலை 20, சனி

ஒரு வாரமாக அந்தப் பதினேழு கண்ணிலேயே நிற்கிறது. இன்னும் பிளேட்டோடுதான் இருக்கிறது, அச்சேறவில்லை. இப்போது சொன்னாலும் திருத்திவிடலாம். சொல்லிவிடுவது என்றே காலையில் முடிவு செய்து, சாப்பாட்டு நேரத்தில் மேடம் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தால் உள்ளே மேடமும் எஸ்தரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேடம் தன் டப்பாவிலிருந்து அவள் டப்பாவில் பொரியல் எடுத்து வைக்கிறார்கள். எனக்கு ஒரு நாள் வைத்திருப்பார்களா?

"என்னக்கா?" "ஒண்ணுமில்ல மேடம், டியூப்லைட்டு சரியில்லன்னு சொல்ல வந்தேன்." வந்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

அச்சடித்து முந்நூறு மாதிரிக் காலண்டர் கட்டி வந்துவிட்டது. எல்லோரும் புரட்டிப் பார்த்தார்கள். நான் தொடவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

எழுத உட்கார்ந்து வெகுநேரமாகிறது. வரிசையாகவே எழுதுகிறேன்.

மயில்கழுத்துப் பட்டுக் கட்டிக்கொண்டு போனேன். மேடம் பார்த்துவிட்டு, "அக்கா, அழகா இருக்கீங்க" என்றார்கள். பூஜை முடிந்தது. ஹாலில் அறுபது ஏஜெண்டுகள். எல்லார் கையிலும் மாதிரிக் காலண்டர். பெரிய எழுத்துக் காலண்டருக்குத்தான் ஒரே பேச்சு. மேடம் மைக்கைப் பிடித்து, பிச்சையா அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "அடுத்து செக்கிங் செக்‌ஷன் பொறுப்பு யாருக்குன்னா..." என்று ஆரம்பித்தார்கள்.

அப்போது தேனி ஏஜெண்டு கையைத் தூக்கினார். "ஏம்மா, அடுத்த வருஷம் அக்டோபர் பதினேழு ரெண்டு நாள் வருதா? எனக்கு அன்னைக்குக் கல்யாண நாளு, ரெண்டு தடவ சேலை எடுக்கணுமேம்மா!" ஹாலே சிரித்தது. சரசரவென்று அறுபது பேரும் அக்டோபரைப் புரட்டினார்கள். மேடத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது யாரு பாத்த தாளு?" என்று கேட்டார்கள். அண்ணாச்சி முழித்தார். ஆறு சைஸ், ஒவ்வொன்றுக்கும் வருஷம் முழுக்கத் தாள். யார் எதைப் பார்த்தது என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ.

"கையெழுத்துத் தாளு பிளேட் ரூம்ல இருக்கும் மேடம். நானே எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

நானே போனேன். நானே தேடினேன். அக்டோபர் கட்டில் மேல் தாளின் ஓரத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. அது போதும் எனக்கு. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக வந்து, எல்லோரும் பார்க்க மேடம் கையில் கொடுத்தேன். "யாருன்னு நீங்களே பாத்துக்கோங்க மேடம்" என்றேன்.

மேடம் அந்தத் தாளை உருவினார்கள். அடியில் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மறுபடி தாளைப் பார்த்தார்கள். மைக்கை அணைத்துவிட்டு மெதுவாக, "அக்கா, சிவப்புப் பென்சில் உங்களுதுதான?" என்றார்கள்.

கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். கி. மாரீஸ்வரி. சிவப்பில், என் சுழியோடு.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள். கட்டைப் புரட்டிக்கொண்டே, "இந்தப் பச்சைப் புள்ளி என்ன எஸ்தர்?" என்று கேட்டார்கள்.

அவள் அழுதுவிட்டாள். "ரெண்டு மாசமா சாப்பாட்டு நேரத்துல அக்கா கட்டை இன்னொரு தடவ பாத்துட்டிருந்தேன் மேடம். பாத்த தாளுக்கு அடையாளமா புள்ளி வைப்பேன். சின்ன எழுத்துல மூணு எட்டாகும், ஆறு எட்டாகும். திருத்தி வச்சிருவேன். அக்காகிட்டயே சொல்லணும்னு எத்தனையோ தடவ போனேன். பேசவே விடல."

புள்ளிகள் பதினாறாம் தேதி வரைக்கும் இருந்தன. பதினேழு பதினெட்டுத் தாளில் இல்லை. அதற்கப்புறம் எதிலும் இல்லை. "அந்தத் தாளை விரிச்சு வச்சிட்டு, பிள்ளை ஸ்கூல்லருந்து போன் வந்துச்சுன்னு வெளிய போனேன். திரும்பி வர்றதுக்குள்ள உங்க ஆர்டர் வந்துருச்சு மேடம்" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சேந்த புதுசுல நான் ஒரு முகூர்த்த நாளையே விட்டுட்டேன் மேடம். அக்காதான் திருத்துனாங்க. யார்கிட்டயும் சொல்லல. நான் மட்டும் எப்படிச் சொல்ல?"

எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. என்றைக்கோ ஒரு நாள் செய்திருக்கிறேன்.

மேடம் என்னிடம் திரும்பி, "இவ்வளவு பெரிய நம்பர். இத்தனை பேர் நடமாடுற இடம். யாரு கண்ணுலயுமே படலையாக்கா?" என்றார்கள்.

நான், "படல மேடம்" என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சமைக்கவில்லை. அவர்தான் உப்புமா கிண்டினார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. இன்சார்ஜ்: எஸ்தர். தூரத்திலிருந்தே படித்துவிட்டேன்.

மேடம் என்னைக் கூப்பிட்டு, "மாதிரிக் காலண்டரோட போச்சு, பிளேட்டை மாத்தியாச்சு. விடுங்க. முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் பெரிய எழுத்துக் காலண்டர் மட்டும் பாத்தாப் போதும்" என்றார்கள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கண்ணாடி வந்துவிட்டது. டாக்டர் வெகு சாதாரணமாக, "வெள்ளெழுத்துதாம்மா, நாலஞ்சு வருஷம் முன்னாடியே போட்டிருக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து அரிசியைத் தட்டில் கொட்டினேன். கல் கல்லாகத் தெரிகிறது. கடைக்காரன் பாவம்.

அப்புறம் இந்த நோட்டை முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். என்ன எழுத்து இது! வரி கோணிக்கொண்டு போகிறது, ஒரு வார்த்தை மேல் இன்னொரு வார்த்தை ஏறிக் கிடக்கிறது. எழுத்தாவது பரவாயில்லை. எழுதியிருக்கிற விஷயத்தைப் படிக்கத்தான் முடியவில்லை. முறுக்கு வந்த இடத்தில், வீட்டில் அவர் சொன்ன முடியையும் சேர்த்துப் படித்தபோது, அந்த ஒரு முறுக்கை அவள் ஏன் பைக்குள் வைத்தாள் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. உடம்பு கூசியது.

ஜூலை 12-ஐ மூன்று தடவை படித்தேன். மேடத்திடம், "படல மேடம்" என்று சொன்னேனே. இதோ என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், பட்டது என்று. என் தப்பு என்று தெரிந்திருந்தால் ஓடிப்போய்த் திருத்தியிருப்பேன். அவளுடையது என்று நினைத்ததால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கண் கெட்டதற்குக் கண்ணாடி போட்டாயிற்று. இதற்கு என்ன போடுவது?

ஆகஸ்ட் 10, சனி

அந்தப் பக்கத்தை மட்டும் நோட்டிலிருந்து கிழித்தேன். அடியில் சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போட்டேன். என் கட்டுக்கு மேலே வைத்து, முடிந்த கட்டுகளோடு ரேக்கில் வைத்துவிட்டேன். இப்போது அந்தக் கட்டுகளை எடுத்துப் பார்க்கிறவள் அவள்தான். அவள் எடுத்ததைப் பார்த்தேன். படித்ததைப் பார்க்கவில்லை. சாத்தூர் பஸ்ஸுக்கு என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நேரே நடந்து போய்விட்டாள்.

நாளைக்கு ஞாயிறு. எப்படிக் கழியப்போகிறதோ.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்றைக்குப் பூராவும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. மேடமும் கூப்பிடவில்லை. சாயங்காலம் மற்ற தாள்களோடு அந்தப் பக்கமும் என் மேஜைக்குத் திரும்பி வந்தது.

'பக்கத்தில் போகவில்லை. போனால் பார்த்தேன் என்று ஆகிவிடும்' என்ற வரிக்கு அடியில் பச்சைக் கோடு. அழுத்திப் போட்டிருந்தாள், தாள் கிழிகிற அளவுக்கு. வேறு எங்கும் ஒன்றும் எழுதவில்லை, உச்சியைத் தவிர. அங்கே 'வியாழன்' என்பதைச் சுழித்து, ஓரத்தில் 'வெள்ளி' என்று திருத்தியிருந்தாள்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஜூலை 11 வியாழன். அடுத்த நாளும் வியாழன் போட்டிருக்கிறேன். கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்று உள்ளே எழுதிவிட்டு, தலையில் வியாழன்! கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தும் என் கண்ணில் படவில்லை. சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். தலையைத் தூக்கினால் அவள் வாசல்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

பக்கத்தின் கடைசியில், என் கையெழுத்துக்கு அருகில், ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. அந்தப் பக்கத்தை மறுபடியும் நோட்டில் வைத்து ஒட்டிவிட்டேன்.

'வெள்ளி' என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாள். என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகு அதுவும் தெளிவாகத் தெரிகிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது.